குப்பை எப்படி ஒரு பாடமாச்சு?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு வழக்கை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



நான் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது நடந்தது இது. சங்கரன்கோவில்ல எங்க ஆச்சி வீட்டுத் திண்ணை. ஸ்கூல்ல 'குப்பையைத் தெருவில் கொட்டாதே'ன்னு சார்ட் வரைஞ்சு எடுத்துட்டு வரச் சொல்லியிருந்தாங்க. நான் ஸ்கெட்ச் பேனாவை வச்சு மும்முரமா கலர் அடிச்சுக்கிட்டு இருக்கேன். ஆச்சி வாசல்ல நின்னு யார்கிட்டயோ பேசிட்டு இருந்தாங்க. "இந்த வாரம் வயலுக்குக் குப்பை அடிக்கணும், வண்டிக்குச் சொல்லி வைக்கணும்"னு காதுல விழுந்துச்சு.

எனக்கு அதிர்ச்சி. "ஆச்சி, வயல்ல போயா குப்பையைக் கொட்டுவாங்க? அது தப்பில்லையா?"

ஆச்சி என்னைப் பார்த்தாங்க, என் சார்ட்டைப் பார்த்தாங்க. "ஏல, குப்பையை வயல்ல கொட்டாம வேற எங்கல கொட்டுவாக?"

அவங்க சொன்ன குப்பை வேற, நான் வரைஞ்ச குப்பை வேற. அவங்க சொன்னது மாட்டுச்சாணி, வைக்கோல், அடுப்புச் சாம்பல், சருகு எல்லாம் குழியில கிடந்து மக்கின எரு. நான் வரைஞ்சது ஒரு தொட்டி, அதைச் சுத்தி பிளாஸ்டிக் கவர், ஈ. ஒரே வீட்டுல, ஒரே சொல்லுக்கு ரெண்டு அர்த்தம். நடுவுல ரெண்டே தலைமுறை.

இன்னைக்கு எபிசோட் அந்த இடைவெளியைப் பத்தினதுதான். குப்பைன்னா என்ன, அதை என்ன பண்ணணும்னு ஒரு சமூகத்துக்குச் சொல்லித் தர வேண்டிய நிலைமை எப்படி வந்துச்சு? யார் யார் சொல்லிக் கொடுத்தாங்க? எது ஒட்டுச்சு, எது பரீட்சையோட போச்சு?

குவியல், எரு, கழிவு

முதல்ல அந்தச் சொல்லையே பார்ப்போம். பழைய தமிழ்ல 'குப்பை'ன்னா குவியல், அவ்வளவுதான். நெல் குவிஞ்சு கிடந்தா அதுவும் குப்பைதான். சிவகங்கை மாவட்டத்துல நெற்குப்பைன்னு ஒரு பேரூராட்சி இன்னைக்கும் இருக்கு. இப்போதைய அர்த்தத்துல யாராவது ஊருக்கு அப்படிப் பேர் வைப்பாங்களா?

அப்புறம் வீட்டுக்குப் பின்னாடி, மாட்டுத்தொழுவம் பக்கத்துல குவிஞ்சு மக்குற எருவுக்கு அந்தப் பேர் நின்னுச்சு. 'குப்பை அடிக்கிறது'ன்னா வண்டி வண்டியா எருவை நிலத்துக்குக் கொண்டு போறது. அந்தக் குப்பைக்கு விலை உண்டு, கேட்டு வாங்க ஆள் உண்டு. 'வேண்டாதது'ங்கிற அர்த்தம் மட்டும் மிஞ்சினது அதுக்கப்புறம்தான்.

இந்தக் கிராமத்து அறிவை லேப்ல வச்சு முறைப்படுத்தினவர் ஆல்பர்ட் ஹோவர்ட். பிரிட்டிஷ் தாவரவியல் ஆய்வாளர். 1905-ல இந்தியாவுக்கு வந்தவர். 1924-ல தொடங்கி இந்தூர்ல ஒரு ஆய்வு நிலையத்தை நடத்தினார். சருகு, சாணம், மண், சிறுநீர் ஊறின தொழுவ மண் எல்லாத்தையும் எந்த அளவுல அடுக்கணும், எப்போ புரட்டிப் போடணும்னு கணக்கு போட்டு உருவாக்கினதுதான் 'இந்தூர் முறை'. 1931-ல யஷ்வந்த் வாட் என்பவரோட சேர்ந்து அதைப் புத்தகமா எழுதினார். இங்கிலாந்துல பாடம் படிச்சிட்டு வந்த அவர், இந்திய விவசாயிகள்தான் தனக்கு வாத்தியார்னு வெளிப்படையாவே எழுதியிருக்கார். இன்னைக்கு உலகம் முழுக்க 'ஆர்கானிக்'னு பேசுற இயக்கத்தோட வேர்கள்ல ஒண்ணு இது.

1935-ல காந்தியோட ஹரிஜன் பத்திரிகை இந்த முறையை விளக்கி எழுதுச்சு. இங்கதான் நம்ம பக்கத்து ஆள் ஒருத்தர் கதைக்குள்ள வர்றார்.

டி. கல்லுப்பட்டி பஸ் ஸ்டாப்

சங்கரன்கோவில்ல இருந்து மதுரைக்கு பஸ்ல போனா ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, திருமங்கலத்துக்கு முன்னாடி டி. கல்லுப்பட்டி வரும். நான் எத்தனையோ தடவை அந்த ஊரைத் தூங்கிக்கிட்டே கடந்திருக்கேன். அங்க காந்தி நிகேதன் ஆசிரமம்னு ஒரு இடம் இருக்கு. ஜே.சி. குமரப்பா தன்னோட கடைசி வருஷங்களை அங்கதான் கழிச்சார்.

குமரப்பா 1892-ல தஞ்சாவூர்ல பிறந்தவர். லண்டன்ல கணக்குத் தணிக்கை படிச்சு, அமெரிக்காவுல கொலம்பியா பல்கலைக்கழகத்துல பொதுநிதி படிச்சவர். கோட்டு சூட்டு ஆடிட்டர். காந்தியைச் சந்திச்ச பிறகு கதருக்கு மாறினார். 1934 கடைசியில அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கினப்போ அதை நடத்துற பொறுப்பு இவர்கிட்ட வந்துச்சு. சங்கத்தோட இடம் வார்தாவுல. எண்ணெய்ச் செக்கு, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு, அதோட கம்போஸ்ட். எல்லாத்தையும் கையால செஞ்சு காட்டிச் சொல்லிக் கொடுத்தாங்க.

சிறையில இருந்தப்போ 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்'னு ஒரு புத்தகம் எழுதினார். 1945-ல வந்துச்சு. அதுல ரெண்டு விதப் பொருளாதாரத்தைப் பிரிக்கிறார். நிலக்கரி, பெட்ரோலியம் மாதிரி எடுக்க எடுக்கக் குறையுற இருப்பை நம்புறது ஒண்ணு. மரம், பயிர் மாதிரி திரும்பத் திரும்ப வர்றதை நம்புறது இன்னொண்ணு. நம்ம பாஷையில சொன்னா, ஒண்ணு ஃபிக்சட் டெபாசிட்டை உடைச்சு உடைச்சுச் செலவு பண்றது, இன்னொண்ணு மாசச் சம்பளத்துக்குள்ள வாழ்றது. ஆடிட்டர் புத்தி போகலை பாருங்க.

1937-ல வார்தாவுல கல்வி மாநாடு நடந்து, 'நயி தாலீம்'னு அழைக்கப்படுற ஆதாரக் கல்வித் திட்டம் பிறந்துச்சு. கையால வேலை செஞ்சு படிக்கிறதுதான் அதோட மையம். சுத்தம் பண்றதும் அங்க பாடம்தான். ஆசிரமங்கள்ல கழிப்பறையை எல்லாரும் முறைவச்சுக் கழுவணும். இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம்னு புரியணும்னா, பழைய காலத்தைப் பத்தின ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாகணும்.

எல்லாம் எருவாச்சு, எல்லாம் மண்ணுக்குத் திரும்புச்சுன்னு பெருமை பேசுறது சுலபம். ஊரோட கழிவை யார் சுமந்தாங்க? பிறந்த சாதியை வச்சு ஒரு சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையா சுமந்தாங்க. மனிதக் கழிவை மனிதர் அள்ளுறதைத் தடை செய்ய 1993-ல ஒரு சட்டம் வந்துச்சு. அது போதாம 2013-ல இன்னொண்ணு வந்துச்சு. அந்தப் பழைய சுழற்சி இயற்கையா மட்டும் ஓடலை. சிலரோட மானத்துல ஓடுச்சு. 'அவங்கவங்க கழிவை அவங்கவங்களே பாத்துக்கணும்'னு ஆசிரமத்துல வச்ச விதி அதுக்கு ஒரு பதில். முழுப் பதில் இல்லை, ஆனா சரியான திசையில ஒரு பதில்.

குமரப்பா 1960 ஜனவரி 30-ல இறந்தார். காந்தி இறந்த அதே தேதி.

கடலூர்ல இருந்து ஒரு சாஷே

இப்போ ஜம்ப் கட். 1970-களோட கடைசி. கடலூர்ல சின்னி கிருஷ்ணன்னு ஒருத்தர் யோசிக்கிறார்: பெரிய பாட்டில்ல ஷாம்பூ வாங்க காசு இல்லாதவங்களுக்கு ஏன் ஒரு தடவைக்குத் தேவையானதை மட்டும் குட்டிப் பாக்கெட்ல விக்கக் கூடாது? அப்படி வந்ததுதான் வெல்வெட் ஷாம்பூ சாஷே. அவரோட மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல தனியாத் தொழில் தொடங்கி சிக் ஷாம்பூவைக் கொண்டு வந்தார். இன்னைக்கு பெட்டிக்கடை வாசல்ல மாலை மாதிரி தொங்குற பாக்கெட்டுகளோட கதையில தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு இருக்கு.

சமூக ரீதியா இது நல்ல விஷயம்தான். கூலி வேலை செய்ற வீட்டுக்கும் ஷாம்பூ போச்சு. குப்பை ரீதியா என்னாச்சு? பாட்டில்னா பழைய பாட்டில்காரர் எடுப்பார். 'பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்'னு கூவிட்டு வந்தவர் எல்லாத்துக்கும் ஒரு விலை வச்சிருந்தார். சாஷேக்கு அவர்கிட்ட விலையே கிடையாது. எடையும் இல்லை, உருக்கவும் லாயக்கில்லை, ஏன்னா பல அடுக்கு ஒட்டின பொருள் அது.

இதே கதையில ஒரு ட்விஸ்ட் இருக்கு. விற்பனையைப் பெருக்க சிக் ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு: காலி சாஷேக்களைச் சேர்த்துக் கொண்டு வந்தா ஒரு சிக் சாஷே இலவசம். முதல்ல எந்த பிராண்டா இருந்தாலும் சரின்னாங்க, அப்புறம் சிக் சாஷே மட்டும்தான்னு மாத்துனாங்க. சுற்றுச்சூழலுக்காகப் பண்ணது கிடையாது, சுத்தமான மார்க்கெட்டிங். ஆனா மக்கள் காலி சாஷேயைப் பொறுக்கிச் சேர்த்துக் கடைக்குக் கொண்டு வந்தாங்க. எந்த டீச்சரும் சொல்லித் தரலை. எந்த சார்ட்டும் ஒட்டலை. ஒரு விலை இருந்துச்சு, திரும்பிப் போக ஒரு வழி இருந்துச்சு. அவ்வளவுதான்.

இதை ஞாபகம் வச்சுக்குங்க. திரும்ப வருவோம்.

1991 நவம்பர் 22

தென்காசி மாவட்டம் உருவான நாள் 2019 நவம்பர் 22. சங்கரன்கோவில் அப்போதான் திருநெல்வேலி மாவட்டத்துல இருந்து பிரிஞ்சு வந்துச்சு. அதுக்குச் சரியா 28 வருஷம் முன்னாடி, அதே தேதியில, டெல்லியில உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டுச்சு. நீங்களும் நானும் படிச்ச ஒரு பாடத்துக்கு வேர் அங்கதான் இருக்கு.

எம்.சி. மேத்தாங்கிற வழக்கறிஞர் போட்ட பொதுநல வழக்கு. கங்கை மாசு, தாஜ்மகால் வழக்கு எல்லாம் இவர் நடத்தினதுதான். இந்தத் தடவை அவர் எந்தத் தொழிற்சாலையையும் மூடச் சொல்லிக் கேக்கலை. மக்களுக்குச் சொல்லிக் கொடுங்கன்னு கேட்டார். கோர்ட்டும் ஏத்துக்கிச்சு. சினிமா தியேட்டர்ல ஒவ்வொரு காட்சிக்கும் சுற்றுச்சூழல் பத்தி குறைஞ்சது ரெண்டு ஸ்லைடு இலவசமா போடணும். ரேடியோவுலயும் தூர்தர்ஷன்லயும் தினமும் சில நிமிஷம் ஒதுக்கணும். பள்ளி, கல்லூரியில சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கணும்.

சட்டம் மட்டும் போட்டா போதாது, மக்கள் மனசு வச்சாத்தான் நடக்கும்னு ஒரு நீதிமன்றமே சொன்ன தருணம் அது. ஆனா உத்தரவு போட்ட உடனே பாடம் வந்துடலை. 12 வருஷம் கழிச்சு அதே வழக்குல திரும்ப வந்து நிக்க வேண்டியிருந்துச்சு. 2003 டிசம்பர் 18-ல கோர்ட் மறுபடியும் கெடு வச்ச பிறகுதான், 2004-05-ல இருந்து பள்ளிகள்லயும் கல்லூரிகள்லயும் பாடம் முழுசா நுழைஞ்சுச்சு. நடுவுல 2001-02-ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தேசிய பசுமைப் படையைத் தொடங்குச்சு. ஸ்கூல்ல பச்சைத் தொப்பி போட்டு மரம் நட்டவங்க கை தூக்குங்க. அதுதான் இது.

என்ஜினீயரிங் படிச்சவங்களுக்கு இந்த நம்பர் ஞாபகம் இருக்கலாம்: ஜிஇ 6351, சுற்றுச்சூழல் அறிவியலும் பொறியியலும். அண்ணா பல்கலைக்கழகத்தோட 2013 பாடத்திட்டம். திடக்கழிவு மேலாண்மை, மாசைத் தடுக்குறதுல தனிநபரோட பங்கு, ரெண்டும் சிலபஸ்ல உண்டு. 16 மார்க் கேள்விக்கு ஏத்த தலைப்பு. நான் முந்தின நாள் ராத்திரி உக்காந்து படிச்சேன். படம் போட்டு, அம்புக்குறி போட்டு எழுதினேன். நல்ல மார்க். எழுதிட்டு நேரா கேன்டீனுக்குப் போனோம். மிச்சச் சோறு, பேப்பர் கப், ஜூஸ் பாட்டில் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு டிரம். போட்டுட்டு வந்தோம். பத்து நிமிஷம் முன்னாடி எழுதின பதிலுக்கும் இந்த டிரம்முக்கும் சம்பந்தம் இருக்குன்னு எங்க யாருக்கும் தோணவே இல்லை.

அதுல தப்பு எங்களோடதுதான். ஆனா எங்களோடது மட்டும்தானா?

தவளைச் சத்தம் நின்னுபோன வீடு

1994 செப்டம்பர். சூரத்ல பிளேக். 50-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. லட்சக்கணக்கான பேர் ஊரை விட்டு ரயில் ஏறினாங்க. இருபதாம் நூற்றாண்டோட கடைசியில, வைரம் பட்டை தீட்டுற ஒரு பணக்கார நகரத்துல பிளேக்! அள்ளாத குப்பையையும் தேங்கின வெள்ளத்தையும் பத்தி நாடே பேசுச்சு. அதுக்கப்புறம் ஆணையரா வந்த எஸ்.ஆர். ராவ் அதே சூரத்தை நாட்டுலயே சுத்தமான நகரங்கள்ல ஒண்ணா மாத்திக் காட்டினது தனிக் கதை.

அதே காலகட்டத்துல பெங்களூர்ல அல்மித்ரா படேல்னு ஒரு பெண். 1959-லயே அமெரிக்காவுல எம்.ஐ.டி.ல பொறியியல் முடிச்சவங்க. அவங்க வீட்டுப் பக்கத்துல இருந்த நீர்நிலையில தவளைச் சத்தம் நின்னுபோச்சு. ஏன்னு பார்த்தா, ஊர்க் குப்பையை அங்க கொண்டு வந்து கொட்டுறாங்க. அவங்க கேட்டது ஒரே கேள்வி: இந்த வண்டி எங்க போகுது? ஊர் ஊராப் போய்ப் பார்த்தாங்க. பெரும்பாலான நகரங்கள் குப்பையை ஊர் எல்லைக்கு வெளியே கொட்டிட்டு வந்துடுது. 1996-ல உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க. கோர்ட் ஒரு குழு போட்டுச்சு, அறிக்கை வந்துச்சு, 2000-ல நாட்டுல முதல் தடவையா நகரத் திடக்கழிவுக்குன்னு விதிகள் வந்துச்சு. 2003 முடியுறதுக்குள்ள ஒவ்வொரு நகராட்சியும் குப்பையைப் பதப்படுத்துற வசதியை உருவாக்கணும்னு கெடு. 2016-ல அந்த விதிகளைத் திருத்தி, வீட்டுலயே மூணாப் பிரிக்கணும்னு கட்டாயமாக்கினாங்க: ஈரக் கழிவு, உலர் கழிவு, வீட்டு அபாயக் கழிவு.

ஒரு விஷயத்தைக் கவனிங்க. 1991 வழக்கு மக்களுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொன்னது. 1996 வழக்கு வண்டி எங்க போகுதுன்னு கேட்டது. பாடம் ஒரு கோர்ட் ஃபைல்ல, பாதை இன்னொரு ஃபைல்ல. ரெண்டும் ஒண்ணா சேரவே இல்லை. என் பரீட்சைத் தாளும் கேன்டீன் டிரம்மும் சேராததுக்குக் காரணம் இதுதான்னு நான் நினைக்கிறேன்.

ரெண்டையும் சேர்த்து யோசிச்ச ஒரு முயற்சி சென்னையில நடந்துச்சு. 1989-ல எம்.பி. நிர்மல் தொடங்கின எக்ஸ்னோரா. ஒரு தெருக்காரங்க ஒண்ணு கூடுவாங்க, வீட்டுக்கு மாசம் சின்னத் தொகை போடுவாங்க, ஒருத்தரை வேலைக்கு வச்சு மூணு சக்கர வண்டியில வீடு வீடாக் குப்பை எடுப்பாங்க. அவருக்கு 'ஸ்ட்ரீட் பியூட்டிஃபையர்'னு மரியாதையான பேர். யார் எடுக்குறார், எங்க கொண்டு போறார்னு தெருவுக்கே தெரியும். பிரிச்சுக் கொடுக்கலைன்னா முகத்துக்கு நேரா கேப்பார். ஒரு தெரு அளவுல பாடமும் பாதையும் ஒரே ஆள்கிட்ட இருந்துச்சு.

செய்தித்தாள் எந்தத் தொட்டியில?

இப்போ ஒரு சின்ன டெஸ்ட். பழைய செய்தித்தாள். எந்தத் தொட்டியில போடுவீங்க?

தமிழ்ல நமக்குச் சொல்லிக் கொடுத்தது 'மக்கும் குப்பை, மக்காத குப்பை'. செய்தித்தாள் மக்கும். அப்போ பச்சைத் தொட்டி. ஆனா விதிப்படி அது உலர் கழிவு, மறுசுழற்சிக்குப் போகணும். தேங்காய்ச் சிரட்டை? மக்கும், ஆனா பல வருஷம் ஆகும். பழைய பருத்திச் சட்டை? மக்கும், ஆனா ஈரக் கழிவு இல்லை.

கோடு எழுதுறவங்களுக்கு இது புரியும். ரெண்டு வேற வேற கேள்விக்கு ஒரே வேரியபிள் பேரை வச்சா பக் வரத்தான் செய்யும். 'மக்கும், மக்காத' என்பது மண்ணுக்குள்ள என்ன ஆகும்னு சொல்லுது. எங்க ஆச்சிக்கு அது போதும், ஏன்னா அவங்க குப்பை போறது மண்ணுக்குத்தான். 'ஈரம், உலர்' என்பது அடுத்து யார் கைக்குப் போகுதுன்னு சொல்லுது. நகரத்துல நமக்குத் தேவை இந்த ரெண்டாவது. பேப்பர்ல சாம்பார் கொட்டிட்டா பழைய பேப்பர் கடையில வாங்க மாட்டாங்க, அவ்வளவுதான் லாஜிக். இந்த ஒரு வரியைச் சொல்லாம பச்சை, நீலம், சிவப்புன்னு கலரை மட்டும் மனப்பாடம் பண்ண வச்சா, தொட்டி கலர் மாறின ஊர்ல பாடமும் மறந்துடும்.

நான் இப்போ இருக்குற அபார்ட்மென்ட்ல ஒரு அக்கா. ரெண்டாவது படிக்கிற பையன் ஸ்கூல்ல படிச்சுட்டு வந்து அடம் பிடிச்சான்னு வீட்டுல ரெண்டு தொட்டி வச்சாங்க. பால் கவரைக் கழுவிக் காய வச்சு, ஒரு வருஷம் ஒழுங்காப் பிரிச்சாங்க. ஒரு நாள் பையனோட கீழே நிக்கும்போது வண்டி வந்துச்சு. ரெண்டு பையையும் ஒரே குவியல்ல கவிழ்த்துட்டுப் போயிடுச்சு. பையன் கேட்டானாம்: "அம்மா, அப்போ நாம ஏன் பிரிச்சோம்?"

அக்கா என்கிட்ட சொன்னாங்க, "தம்பி, அவனுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை. அன்னையில இருந்து நானும் விட்டுட்டேன்."

பிரிக்கக் கத்துக்க ஒரு வருஷம், மறக்க ஒரு நிமிஷம். அந்தப் பையன் அன்னைக்குக் கத்துக்கிட்டதும் ஒரு பாடம்தான். ஸ்கூல்ல சொல்றதும் நிஜமும் வேறங்கிற பாடம். அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

மஞ்சப்பையும் காலி பாட்டிலும்

2018 ஜூன் 5-ல தமிழ்நாடு அரசு அறிவிச்சு, 2019 ஜனவரி 1-ல இருந்து ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுற 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்துச்சு. தடிமன் எவ்வளவா இருந்தாலும் கேரி பேக் கூடாது. 2021 டிசம்பர் 23-ல முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கி வச்சார். அடுத்த வருஷம் கோயம்பேடு சந்தையில 10 ரூபாய் போட்டா துணிப்பை தர்ற மெஷினும் வந்துச்சு.

மஞ்சப்பையில எனக்குப் பிடிச்சது 'மீண்டும்'ங்கிற அந்தச் சொல். கல்யாண வீட்டுலயும் ஜவுளிக்கடையிலயும் கொடுத்த பை அது. ஒரு காலத்துல அதைத் தூக்கிட்டு சென்னையில இறங்கினா 'ஊர்நாட்டான்'னு கிண்டல் பண்ணுவாங்க. சினிமா காமெடியே அதை வச்சு வந்திருக்கு. அப்போ இங்க சொல்லிக் கொடுக்க வேண்டியது பை எப்படித் தூக்குறதுன்னு இல்லை, வெட்கப்பட வேண்டாம்னுதான். சங்கரன்கோவில் மாதிரித் தறி ஓடுற ஊர்ல துணிப்பைக்குத் துணி வெளியூர்ல இருந்து வர வேண்டியதில்லை. அந்தத் தறிக் கூடத்துலயே இன்னொரு பாடமும் இருக்கு. கழிவு நூலை யாரும் தூரப் போடுறதில்லை. மெக்கானிக் ஷாப்ல கை துடைக்கிற வேஸ்ட் எங்க இருந்து வருதுன்னு நினைக்கிறீங்க?

2022 மே மாசம் இன்னொரு சோதனை. சென்னை உயர் நீதிமன்றத்துல நடந்த வழக்கைத் தொடர்ந்து, நீலகிரியில டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலா 10 ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா அந்த 10 ரூபாயைத் திருப்பித் தர்ற திட்டம் வந்துச்சு. காட்டுல உடைஞ்ச பாட்டில் யானைக் காலைக் கிழிக்குதுங்கிறதுதான் பிரச்சினை. பெரும்பாலான பாட்டில் திரும்பி வந்துச்சு. குடிச்சவங்க யாரும் சுற்றுச்சூழல் வகுப்புக்குப் போகலை. சிக் சாஷே கதைதான் இது, முப்பது சொச்சம் வருஷம் கழிச்சு, இந்தத் தடவை அரசாங்கமே நடத்துச்சு.

அப்போ பாடம் எதுக்கு?

விலை வச்சா போதும்னா ஸ்கூல்ல சொல்லிக் கொடுக்கவே வேண்டாமேன்னு நீங்க கேக்கலாம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன். சிஸ்டத்தைச் சரி பண்ணு, மனுஷன் தானா சரியாவான். என்ஜினீயர் மூளை.

ஆனா இந்த வரலாற்றைத் திரும்பப் பாருங்க. பாதை தானா வரலை. தவளைச் சத்தம் ஏன் நின்னுச்சுன்னு ஒருத்தங்க கேட்டதால விதி வந்துச்சு. பாட்டில் திட்டம் வழக்கு நடந்ததால வந்துச்சு. தெருக்காரங்க கூடினதால எக்ஸ்னோரா வண்டி வந்துச்சு. ஒவ்வொரு பாதைக்கும் பின்னாடி 'இது எங்க போகுது?'ன்னு கேட்ட ஒரு ஆள் இருக்கார். அந்தக் கேள்வியைத்தான் பாடம் சொல்லித் தரணும். நாம சொல்லிக் கொடுக்குறது 'எந்தத் தொட்டியில?' வரைக்கும்தான். பாதிப் பாடம்.

மீதிப் பாதிக்கு சார்ட் வேண்டாம். ஒரு வகுப்பை ஒரு நாள் காலையில குப்பை வண்டி பின்னாடி கூட்டிட்டுப் போனா போதும். வீட்டு வாசல், தெரு முனை, தரம் பிரிக்கிற கூடம், உரக்கூடம், பழைய இரும்புக் கடை, கடைசியா அந்தக் குப்பை மேடு. அப்படியே அதைக் கையால தொடுறவங்ககிட்ட பத்து நிமிஷம் பேச வைங்க. கலந்து வந்த பையில உடைஞ்ச கண்ணாடியும் நாப்கினும் இருந்தா அவங்க கை என்னாகும்னு அவங்க வாயாலயே கேக்கட்டும். 2016 விதிகள்லயே குப்பை பொறுக்கி வாழ்றவங்களை இந்த அமைப்புக்குள்ள சேர்த்துக்கணும்னு இருந்துச்சு. நாட்டோட மறுசுழற்சியில பெரும் பங்கு அவங்க முதுகுல ஓடுது.

அந்தப் பையனுக்குப் பதிலும் இங்கதான் இருக்கு. "நாம ஏன் பிரிச்சோம்?"னு கேட்டான்ல? நம்ம பையைத் திறக்குற கை இன்னொருத்தரோடது, அதுக்காகப் பிரிச்சோம். வண்டி கலக்குதுன்னா அதை எழுதிப் போட்டுக் கேக்கலாம். பிரிச்சுக் கொடுக்குற வீட்டுக்குத்தான் கேக்க உரிமை இருக்கு. இதை நான் அக்காகிட்ட சொன்னேன். அக்கா சிரிச்சாங்க. "நீ முதல்ல உன் வீட்டுல பிரிக்கிறியா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. இந்த எபிசோட் ரெடி பண்ண ஆரம்பிச்சதுல இருந்து பிரிக்கிறேன். இப்போ ரெண்டு வீடு. அடுத்த அசோசியேஷன் மீட்டிங்ல வண்டியைப் பத்திக் கேக்கப் போறோம்.

கடைசியா ஊர்ப் பக்கம் போயிட்டு முடிச்சுக்குறேன். சங்கரன்கோவில் கோமதி அம்மன் சன்னதியில பிரசாதம் என்னன்னு தெரியுமா? புற்றுமண். உடம்புக்கு நல்லதுன்னு நம்பிப் பூசிக்குவாங்க. ஆடித்தபசுக்கு விவசாயிகள் தங்க நிலத்துல விளைஞ்ச பருத்தியையும் வத்தலையும் கொண்டு வந்து சப்பரத்து மேல வீசுவாங்க. மண்ணுல இருந்து வந்ததுக்கு நன்றி சொல்ற ஊர் அது. திருவிழா முடிஞ்ச மறுநாள் காலையில அதே வீதியைக் கூட்டுறவங்க கையில என்ன சிக்குதுன்னு அடுத்த தபசுக்கு ஊருக்குப் போறவங்க நின்னு பாருங்க. எங்க ஆச்சி கேட்ட கேள்வியை அங்க கேட்டுப் பாருங்க: வேற எங்கல கொட்டுவாக?

உங்க தெரு வண்டி எங்க போகுதுன்னு கண்டுபிடிச்சா எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.